அடிபட்ட அணி, தூக்கம் தொலைத்த ரசிகர்: கல்லூரிக் கூடைப்பந்துக் காயங்கள் குறித்த கேள்விகளும் பதில்களும்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் எல்லோரும் அந்தக் கணத்தை அறிவார்கள். வளையத்தடியில் பந்துக்காகத் துள்ளியவர் கால் பிசகி விழுகிறார், எழுந்திருக்கவில்லை, பல்லாயிரம் பேர் கூடிய அரங்கம் சட்டென்று அடங்கிப்போகிறது. நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் நடுப்பகுதிவரை முப்பதுக்கும் சற்று அதிகமான ஆட்டங்களே உள்ள பருவத்தில் ஒரு முழங்கால் எல்லாவற்றையும் மாற்றிவிடும். அன்றிரவு ரசிகரைத் தூங்கவிடாத கேள்விகளுக்கு, மருத்துவனாக அல்லாமல், பல ஆண்டுகளாக இந்த ஆட்டத்தைப் பார்த்து வரும் ரசிகனாக இங்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

முதன்மை ஆட்டக்காரர் நொண்டியபடி வெளியேறினார். காயம் எவ்வளவு பெரியது என்பதை எப்போது அறியலாம்?

எம்ஆர்ஐ ஸ்கேன் முடிவு வரும்வரை அறிய முடியாது. அதற்கு ஓரிரு நாள் ஆகும். தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைப் பத்து முறை திரும்பத் திரும்பப் பார்த்து நாமே நோயறிய முயல்வதில் பயனில்லை, ஏனென்றால் கண்ணுக்குக் கொடூரமாகத் தெரிவது சிறிதாக முடிவதும், தானாகவே எழுந்து நடந்து சென்றவரின் முழங்காலில் முழுக் கிழிவு இருப்பதும் இரண்டுமே நடக்கின்றன. 2019 பிப்ரவரி 20 அன்று நார்த் கரோலினாவுக்கு எதிரான ஆட்டத்தின் முதல் நிமிடத்திலேயே டியூக் அணியின் சயான் வில்லியம்சனின் காலணி பிய்ந்து, முழங்கால் திருகி, அவர் விழுந்தார். அவருடைய கல்லூரி வாழ்க்கையே முடிந்துவிட்டது என்று அன்றிரவு பேசாதவர்கள் குறைவு. ஆனால் அது லேசான சுளுக்கு என்று தெரிந்தது. அடுத்த ஐந்து ஆட்டங்களில் அவர் இறங்கவில்லை. பிறகு டியூக் சேர்ந்துள்ள பிராந்தியக் கூட்டமைப்பான ஏசிசியின் தொடரில் திரும்பி வந்து கோப்பையை வென்றதோடு, அத்தொடரின் சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்வானார். ஆகவே முதல் இரவில் எந்த முடிவுக்கும் வராமல் இருப்பதே சரி.

கணுக்கால் சுளுக்குத்தான், தினமும் பார்த்து முடிவு செய்வோம் என்கிறார் பயிற்சியாளர். நம்பலாமா?

அவர் பொய் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த வாக்கியத்தில் தகவல் எதுவும் இல்லை. கூடைப்பந்தில் மிக அதிகமாக நேரும் காயம் கணுக்கால் சுளுக்குதான். அடுத்தவர் பாதத்தின் மேல் இறங்கினாலே போதும், கால் உட்புறமாக மடங்கிவிடும். தசைநார் சற்று இழுபட்டிருந்தால் ஓரிரு வாரம், பகுதி கிழிந்திருந்தால் மூன்று முதல் ஆறு வாரம், முழுதும் கிழிந்திருந்தால் மாதக் கணக்கு என்பது பொதுவான அளவு. இவற்றைவிட மேலே, கெண்டைக்கால் எலும்புகள் இரண்டும் சேரும் இடத்தில் ஏற்படும் சுளுக்கு ஆறுவதற்கு நாள் பிடிக்கும். "உயர் கணுக்கால் சுளுக்கு" என்ற சொல் செய்தியில் வந்தால், உங்கள் நாட்காட்டியில் இன்னும் சில ஆட்டங்களை அடித்துவிடுங்கள்.

இதே காயம் எந்தத் தேதியில் வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் அணியின் கதி அமைகிறது. 2025 மார்ச் 13 அன்று ஏசிசி காலிறுதியில் டியூக்கின் கூப்பர் ஃபிளாக்கின் கணுக்கால் பிசகியது. அவர் இல்லாமலேயே அணி அடுத்த இரண்டு ஆட்டங்களையும் வென்று கோப்பையை எடுத்தது. அடுத்த வாரம், பருவத்தின் முடிவில் சாம்பியனை முடிவுசெய்யும் தேசியத் தொடருக்கு அவர் திரும்பிவிட்டார், டியூக் கடைசி நான்கு அணிகளுக்குள் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஹூஸ்டனுக்கு அந்த ஒரு வாரம்கூடக் கிடைக்கவில்லை. கடைசி 16 அணிகள் சுற்றில் டியூக்கை எதிர்த்து ஆடும்போதே, அணியை நடத்திச் செல்லும் ஜமால் ஷெட்டின் கணுக்கால் முதல் பாதியில் பிசகியது. ஹூஸ்டன் 51-54 என்று மூன்று புள்ளிகளில் தோற்று வெளியேறியது. ஒரே தோல்வியில் எல்லாம் முடிந்துவிடும் தொடரில் சிறிய காயம் என்று ஒன்று கிடையாது.

ஏசிஎல் கிழிந்துவிட்டது என்கிறார்கள். உண்மையிலேயே ஒன்பது மாதம் ஆகுமா? இப்போதெல்லாம் சிகிச்சை முன்னேறிவிட்டதே?

அறுவைச் சிகிச்சை முன்னேறியிருக்கிறது, உடல் ஆறும் வேகம் மாறவில்லை. பேச்சு வழக்கில் "முட்டி ஜவ்வு" என்று நாம் சொல்வனவற்றுள் ஒன்றான ஏசிஎல், முழங்காலின் நடுவில் குறுக்காக ஓடி, ஓடுபவர் சட்டென நின்று திரும்பும்போது மூட்டு நழுவாமல் பிடித்துக்கொள்ளும் தசைநார். முழுதாகக் கிழிந்தால் அது தானாகக் கூடுவது அரிது. முழங்கால் சிப்பிக்குக் கீழிருந்தோ தொடையின் பின்புறத்திலிருந்தோ நாண் ஒன்றை எடுத்து அதன் இடத்தில் பொருத்துகிறார்கள். பொருத்திய நாண் உடலோடு ஒன்றும் மாதங்களில் முதலில் பலவீனமடைந்து, பிறகுதான் மெல்ல உறுதி பெறுகிறது. வலி போய், வீக்கம் வடிந்து, ஆட்டக்காரர் "நான் தயார்" என்று மனதார நம்பும் காலமும், உள்ளே நாண் இன்னும் முற்றாத காலமும் ஒன்றாகவே இருக்கக்கூடும் என்பதுதான் இந்தக் காயத்தின் பெரிய ஆபத்து. ஒன்பது மாதத்துக்கு முன்பே களமிறங்கியவர்களுக்கு மறுபடி கிழியும் வாய்ப்பு கணிசமாக அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் மாதக் கணக்கோடு நிறுத்தாமல், அடிபட்ட காலின் தொடைத் தசை வலு மற்றக் காலின் வலுவில் 90 விழுக்காட்டையாவது எட்டியிருக்கிறதா, ஒற்றைக் காலில் தாவி இறங்கும்போது முழங்கால் உட்புறமாகச் சாய்கிறதா என்பவற்றையும் சோதிக்கிறார்கள்.

இப்போது நாட்காட்டியை எடுங்கள். நவம்பரில் கிழிந்தால் அந்தப் பருவம் போய்விட்டது, ஆனால் அடுத்த பருவம் தொடங்குவதற்குள் போதிய காலம் இருக்கிறது. பிப்ரவரியிலோ மார்ச்சிலோ கிழிந்தால் ஒரே காயம் இரண்டு பருவங்களைத் தொடுகிறது. 2025 மார்ச் 24 அன்று தேசியத் தொடரின் இரண்டாம் சுற்றில் யூஎஸ்சி பெண்கள் அணியின் ஜூஜூ வாட்கின்ஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அந்தப் பருவத்தோடு 2025-26 பருவம் முழுவதையும் விட்டுவிடுவதாகப் பின்னர் அவர் அறிவித்தார். அந்த அறிவிப்பைப் படித்தபோது வருத்தத்தோடு ஒரு நிம்மதியும் எனக்கு ஏற்பட்டது. ஜனவரியில் அவரைக் களத்தில் பார்க்க வேண்டும் என்ற ஆசை என்னைப் போன்ற பலருக்கும் இருந்திருக்கும், அந்த ஆசைக்கு அவருடைய முழங்கால் எந்த விதத்திலும் கடமைப்படவில்லை.

பெண்கள் அணிகளில் இந்தக் காயம் அதிகமாகத் தெரிகிறதே, அது என் கற்பனையா?

கற்பனை அல்ல. ஒரே ஆட்டத்தை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏசிஎல் கிழிவு பல மடங்கு அதிகமாக நேர்கிறது என்பது நெடுநாளாக அறியப்பட்ட செய்தி. இடுப்பு, முழங்கால் அமைப்பு, தாவி இறங்கும்போது தசைகள் இயங்கும் விதம், ஹார்மோன்கள் எனக் காரணங்கள் பல பேசப்படுகின்றன. இந்தக் கிழிவுகளில் பெரும்பகுதி யாரோடும் மோதாமல், இறங்கும்போதும் திசை திரும்பும்போதும் நேர்கிறது. இறங்கும் முறையைப் பழக்கும் பயிற்சிகளை ஆட்டத்துக்கு முன் ஒழுங்காகச் செய்தால் ஆபத்து குறைகிறது என்பதும் நிறுவப்பட்டுள்ளது. உங்கள் அணியின் பயிற்சியைக் காண வாய்ப்பு கிடைத்தால், பந்து எறிதலைவிட இந்தப் பத்துப் பதினைந்து நிமிடங்களைக் கவனித்துப் பாருங்கள்.

பாத எலும்பில் விரிசல் என்றால்?

எந்த எலும்பு என்று கேளுங்கள். சுண்டுவிரலுக்கு நேராக ஓடும் நீள எலும்பின் அடிப்பகுதிக்கும், பாதத்தின் நடுவிலுள்ள நாவிகுலர் எலும்புக்கும் இரத்த ஓட்டம் குறைவு. ஆகவே அங்கு ஏற்படும் விரிசல் மெதுவாகவே கூடும், பல நேரங்களில் திருகாணி பொருத்த வேண்டிவரும். ஆயினும் தொடக்கத்தில் வந்த பாதக் காயத்தைக் கடந்துபோக முடியும். 1999-2000 பருவத்தில் மிச்சிகன் ஸ்டேட் அணியின் மட்டீன் கிளீவ்ஸ் பாத முறிவால் முதல் 13 ஆட்டங்களை இழந்தார், அதே பருவத்தின் முடிவில் அணி சாம்பியன் ஆனது.

தலையில் அடிபட்டவர் நன்றாகப் பேசுகிறார், சிரிக்கிறார். ஏன் திரும்ப இறக்கவில்லை?

மூளை அதிர்ச்சி உறுதியானால் அன்றைய தினம் திரும்ப ஆடக்கூடாது என்பது கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதி. அதன் பிறகும் படிப்படியாகவே பயிற்சிக்குத் திரும்ப வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது.

மோதலே இல்லாமல் ஒருவர் சரிந்து விழுந்தால்?

அது காயமா என்று யோசிக்க நேரமில்லை. அது இதயமாக இருக்கக்கூடும். லயோலா மேரிமவுண்ட் அணியின் ஹேங்க் கேதர்ஸ் 1990 மார்ச் 4 அன்று ஆட்டக்களத்திலேயே சரிந்து உயிரிழந்தார். சில மாதங்களுக்கு முன்பே ஒரு முறை சரிந்து, இதயத் துடிப்பு ஒழுங்கின்மை கண்டறியப்பட்டு மருந்து உட்கொண்டுவந்தவர் அவர். இன்று அரங்குகளில் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியும், அதைக் கையாளத் தெரிந்தவர்களும் ஆயத்தமாக இருக்கிறார்கள். 2020 டிசம்பரில் ஃபுளோரிடா அணிக்காக ஆடும்போது சரிந்த கீயான்டே ஜான்சன், 2022-23 பருவத்தில் கான்சாஸ் ஸ்டேட் அணிக்கு ஆடி, அதனோடு தேசியத் தொடரின் கடைசி எட்டு அணிகள் வரை சென்றார். கேதர்ஸின் பெயர் என் நினைவில் இருப்பதால், களத்தில் ஒருவர் அசையாமல் கிடக்கும்போது நான் பலகையில் உள்ள புள்ளிகளைப் பார்ப்பதில்லை.

அணி நிர்வாகம் ஏன் இவ்வளவு மறைக்கிறது? ரசிகர்களுக்கு அறியும் உரிமை இல்லையா?

ஆட்டக்காரர் ஒரு மாணவர், அவருடைய உடல்நிலைத் தகவல் அவருக்குச் சொந்தம். மருத்துவத் தனியுரிமையையும் மாணவர் தகவல்களையும் காக்கும் கூட்டாட்சிச் சட்டங்கள் அமெரிக்காவில் உண்டு. பயிற்சியாளர் எதிரணிக்குத் துப்பு கொடுக்க விரும்பாததும் இன்னொரு காரணம். ஆனால் நிலைமை மாறிவருகிறது. 2018 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு எதிரான கூட்டாட்சித் தடையை நீக்கிய பிறகு, உள்தகவலுக்கு விலை ஏறியது. அறைத் தோழரையும் உதவிப் பயிற்சியாளரையும்கூடத் தகவல் கேட்டு நெருக்கும் நிலை வந்தது. ஆகவே சில மாநாடுகள், அதாவது அணிகள் சேர்ந்த பிராந்தியக் கூட்டமைப்புகள், யார் ஆடக்கூடியவர் என்ற பட்டியலைத் தாங்களே வெளியிடத் தொடங்கின. எஸ்இசி மாநாடு 2024-25 பருவம் முதல் கூடைப்பந்துக்கும் இதைச் செய்துவருகிறது. அந்தப் பட்டியல் இவர் ஆடுவாரா, சந்தேகமா, இல்லையா என்பதை மட்டும் சொல்கிறது. எனக்குத் தேவையானதும் அவ்வளவுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஒருவர் போனால் அணி எவ்வளவு குறையும்?

புள்ளிகளை எண்ணாமல் நிமிடங்களை எண்ணுங்கள். நாற்பது நிமிட ஆட்டத்தில் ஐந்து பேர் களத்தில் இருப்பதால் பயிற்சியாளர் பகிர்ந்து கொடுக்க வேண்டியவை 200 நிமிடங்கள். நட்சத்திர ஆட்டக்காரர் 34 நிமிடம் ஆடுபவர் என்றால் அந்த 34 நிமிடங்களை யார் யார் எடுத்துக்கொள்வார்கள் என்பதே உண்மையான கேள்வி. சராசரியாக 18 புள்ளி எடுப்பவர் போனதால் அணி 18 புள்ளி இழந்துவிடுவதில்லை, அவர் எறிந்திருக்க வேண்டிய பந்துகளை வேறு யாரோ எறிவார்கள். ஆனால் அவர் காக்க வேண்டிய எதிராளியை யார் காப்பது, அழுத்தம் கொடுக்கும்போது பந்தை யார் கொண்டுசெல்வது, ஆறாவது ஆளாக வந்தவர் இப்போது தொடக்க ஐவரில் நின்றால் பெஞ்சிலிருந்து வருபவர் யார் என்பவை புள்ளிப் பட்டியலில் தெரியாத இழப்புகள். மீதமுள்ள நால்வரின் நிமிடங்கள் 30லிருந்து 36 ஆக ஏறினால், நான்கு வாரம் கழித்து அந்தக் கால்கள் களைத்துத் தெரியும். அடுத்த காயம் அங்கிருந்துதான் வருமோ என்ற அச்சம் எனக்கு எப்போதும் உண்டு.

என் அனுபவத்தில், பந்தைக் கையாளும் முதன்மை ஆட்டக்காரரை, அதாவது கார்டை, இழப்பதும், வளையத்தைக் காக்கும் ஒரே உயரமானவரை இழப்பதும் அதிகம் வலிக்கும். ஓரத்திலிருந்து எறிபவர்கள் இருவர் மூவர் இருந்தால் ஒருவர் இழப்பைத் தாங்கலாம். சின்சினாட்டி 2000ஆம் ஆண்டில் நாட்டின் முதல்நிலை அணியாக இருந்தது. மாநாட்டுத் தொடரில் கென்யன் மார்ட்டினின் கால் எலும்பு முறிந்தது. அவர்கள் தாக்குதலும் தற்காப்பும் இரண்டுமே அவரைச் சுற்றிக் கட்டப்பட்டவை. தேசியத் தொடரின் இரண்டாம் சுற்றிலேயே டல்சாவிடம் தோற்றார்கள். மாறாக, 2021 டிசம்பரில் மார்கஸ் சாஸர், ட்ரமோன் மார்க் என இரண்டு முக்கிய கார்டுகளைப் பருவம் முழுவதற்கும் இழந்த ஹூஸ்டன், 2022 மார்ச்சில் கடைசி எட்டு அணிகள் வரை போனது. ஹூஸ்டனுக்கு மூன்று மாதம் கிடைத்தது, சின்சினாட்டிக்கு ஒரு வாரம்தான் கிடைத்தது. தற்காப்பும் பந்தை மீட்பதும் அணி முழுவதன் பழக்கமாக இருந்ததும் ஹூஸ்டனைக் காத்தது.

ஆட ஆளே போதாமல் போய்விட்டால் என்ன நடக்கும்?

இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. 2023 ஜனவரியில் யூகான் பெண்கள் அணியில் ஆடக்கூடிய உதவித்தொகை ஆட்டக்காரர்கள் ஏழு பேருக்கும் குறைவாக இருந்ததால், மாநாட்டு விதிப்படி டிபால் அணியோடான ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அந்தப் பருவம் முழுவதையும் அணியின் நட்சத்திரமான பேஜ் பெக்கர்ஸ் ஏசிஎல் கிழிவால் வெளியிலிருந்தே பார்த்தார், தொடர்ச்சியாக 14 தொடர்களில் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக வந்த யூகானின் வரிசையும் அவ்வாண்டு அறுந்தது. மறு ஆண்டு ஜனவரியில் டிசியூ பெண்கள் அணி அதைவிடக் கடினமான இடத்தில் நின்றது. 14 வெற்றிகளோடு பருவத்தைத் தொடங்கிய அவ்வணி, காயங்களால் இரண்டு ஆட்டங்களை ஆடாமலே விட்டுக்கொடுத்து, வளாகத்து மாணவிகளிடையே தேர்வு நடத்திப் புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு பருவத்தை முடித்தது. அந்த மாணவிகள் சீருடை அணிந்து பெஞ்சில் அமர்ந்ததால்தான் மீதமிருந்தவர்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. அடுத்த பருவத்திலேயே டிசியூ கடைசி எட்டு அணிகள் வரை முன்னேறியது.

தேசியத் தொடருக்கு 68 அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழு காயங்களைக் கணக்கில் எடுக்குமா?

எடுக்கும், ஆனால் ரசிகர் விரும்பும் வகையில் எப்போதும் அல்ல. ஜனவரியில் நட்சத்திரம் இல்லாமல் தோற்ற நான்கு ஆட்டங்களைக் குழு சற்றுப் பொறுத்துக்கொள்ளக்கூடும், அவர் திரும்பி வந்து அணி வெல்கிறது என்றால் மட்டுமே. அவர் திரும்பமாட்டார் என்றால், அவர் இருந்தபோது பெற்ற வெற்றிகளின் எடை குறையும். 2000இல் முதல்நிலை அணியான சின்சினாட்டிக்கு மார்ட்டினின் முறிவுக்குப் பிறகு தேசியத் தொடரில் இரண்டாம் தரவரிசைதான் கிடைத்தது. அப்போது அது கொடுமையாகப் பட்டது, ஆனால் குழு பார்க்க வேண்டியது மார்ச்சில் ஆடப்போகும் அணியைத்தான்.

அவருடைய இந்த ஆண்டு வீணாகிவிடுமா?

2024-25 வரை நடைமுறையிலிருந்த விதியின்படி, காயம் பருவத்தின் முதல் பாதியில் நேர்ந்து, அவர் மொத்த ஆட்டங்களில் 30 விழுக்காட்டுக்கு மேல் ஆடாதிருந்து, அந்தப் பருவத்தில் திரும்ப முடியாது என்று மருத்துவச் சான்று இருந்தால், அந்த ஆண்டைக் கணக்கில் சேர்க்காமல் இன்னோர் ஆண்டு ஆட அனுமதி கோரலாம். பேச்சில் இதை மெடிக்கல் ரெட்ஷர்ட் என்பார்கள். முப்பது ஆட்டங்கள் என்றால் ஒன்பது. பத்தாவது ஆட்டத்தில் காலை ஊன்றிப் பார்க்கலாமே என்று பத்து நிமிடம் இறக்கிவிட்டால், ஓர் ஆண்டே போய்விடும். டிசம்பர் இறுதியில் "ஏன் அவரை இன்னும் உட்கார வைத்திருக்கிறார்கள்" என்று சலித்துக்கொள்ளும் முன் இந்த எண்ணிக்கையைப் போட்டுப் பாருங்கள்.

செலவு யாருடையது?

2024 ஆகஸ்ட் முதல், என்சிஏஏவின் உச்ச மட்டமான முதல் பிரிவில் உள்ள கல்லூரிகள் ஆட்டக் காயங்களுக்கான சிகிச்சைச் செலவை, ஆட்டக்காரர் கல்லூரியை விட்ட பிறகும் குறைந்தது இரண்டு ஆண்டுகள் ஏற்க வேண்டும். காயத்தைக் காரணம் காட்டி உதவித்தொகையை நிறுத்தவும் கூடாது.

திரும்ப ஆடலாம் என்று முடிவு செய்வது யார்? பயிற்சியாளர் நெருக்கினால்?

மருத்துவரும், ஆட்டக்காரர்களின் காயங்களைக் கவனிக்கும் தடகளப் பயிற்றுநருமே முடிவு செய்ய வேண்டும், அவர்கள் முடிவைப் பயிற்சியாளர் மாற்ற முடியாது என்று பெரிய மாநாடுகளில் விதி இருக்கிறது. காகிதத்தில் உள்ளது அவ்வளவுதான். நடைமுறையில் நெருக்கம் பெரும்பாலும் பயிற்சியாளரிடமிருந்து வராமல் ஆட்டக்காரருக்குள்ளிருந்தே வருகிறது. இருபது வயதில், நண்பர்கள் தோற்பதை ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவர், வலிக்கவில்லை என்று சொல்லிவிடுவார். அந்த நெருக்கத்தில் நம் பங்கும் இருக்கிறது. அவருடைய கைப்பேசிக்கு நாம் அனுப்பும் "சீக்கிரம் வாருங்கள்" என்ற அன்பான சொல்கூட அவர் காதில் கட்டளையாக விழலாம். பந்தயத்தில் பணம் இழந்தவர்கள் அனுப்பும் வசைகளைப் பற்றி இங்கே எழுதவே எனக்குக் கூசுகிறது. காயம்பட்டவருக்கு எழுதத்தான் வேண்டும் என்றால், திரும்பும் தேதியைக் கேட்காமல் எழுதுங்கள்.

திரும்பி வந்து, அதே முழங்கால் மறுபடி கிழிந்தால்?

இந்தக் கேள்வியைக் கடைசிவரை தள்ளிப்போட்டேன். பர்டூ அணியின் ராபி ஹம்மல் 2010 பிப்ரவரி 24 அன்று மினசோட்டாவில் ஆடும்போது வலது முழங்காலின் ஏசிஎல்லைக் கிழித்துக்கொண்டார். அப்போது பர்டூ நாட்டின் மூன்றாம் நிலை அணி. எட்டு மாதம் சிகிச்சையும் பயிற்சியுமாகக் கழித்து, புதிய பருவத்துக்கான பயிற்சி தொடங்கிய அக்டோபரில் அதே முழங்கால் மறுபடி கிழிந்தது. அவர் இன்னொரு அறுவைச் சிகிச்சையும் இன்னொரு முழுப் பருவமும் கடந்து, 2011-12இல் திரும்பி வந்தார். 2012 மார்ச்சில், தன் கடைசிக் கல்லூரி ஆட்டத்தில், அந்த ஆண்டு இறுதிப் போட்டிவரை போன கான்சாஸுக்கு எதிராக 26 புள்ளிகள் எடுத்தார். பர்டூ 60-63 என்று தோற்றது.